‘காற்றைச் சுத்தப்படுத்தும்’ செடி செட்: காரைக்குடி நர்சரி விமர்சனம்

ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், அரேகா பாம், பீஸ் லில்லி. நான்கும் சேர்ந்து ஒரு செட், தொட்டியில் ‘நாசா பரிந்துரை’ என்று ஓர் அட்டை. செடிகளில் குறை சொல்ல எதுவுமில்லை: வேர் வெள்ளையாக இருக்கிறது, இலைக்கடியில் மாவுப்பூச்சி இல்லை. அட்டைதான் நம்பும்படி இல்லை.

செடிகள் காற்றைச் சுத்தப்படுத்துமா என்று 1989-இல் நாசா சோதித்தது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள். வீடு அப்படி அடைத்த பெட்டியல்ல. சாதாரணக் கட்டடத்தில் தானாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி தேவை என்று 2019-இல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குக் குறைந்தபட்சமே 110 தொட்டி. அப்புறம் கட்டிலை எங்கே போடுவது? பெயின்ட் வாடைக்கு எதிரெதிர்ச் சன்னலைத் திறப்பதும், தாளிப்புப் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் வழி. வளவு (நடு முற்றம்) வைத்துக் கட்டிய பழைய வீட்டுக்கு இந்தச் செட் காற்றுக்காகத் தேவையே இல்லை.

அழகுக்கு வாங்குகிறவர்கள் முதலில் மண்ணை மாற்றுங்கள். நர்சரிக் கலவையில் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள். மேலே காய்ந்து தெரியும், அடியில் ஈரம் நிற்கும். ஸ்நேக் பிளான்ட் அடித்தண்டு அழுகுவது அதனால்தான். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று, துளையுள்ள மண் தொட்டி. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பீஸ் லில்லி மட்டும் விதிவிலக்கு, அது இலை தொய்ந்து தானே கேட்கும்.

அரேகா நுனி கருகினால் பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்பு. மாதம் ஒருமுறை மழைநீரை அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். இருட்டான உள்ளறையில் இந்தச் செடி தேறாது.

தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு முட்டையிடும். வழிந்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் உப்புக்கறை வளையமாகப் படியும். ஊற்றிய அரைமணியில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்டுக்கு வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலையும் உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும்.

மணி பிளான்ட், பீஸ் லில்லி இரண்டையும் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

செட்டாக வேண்டாம். ஸ்நேக்கும் மணியும் தனியாகக் கேட்டால் தருகிறார்கள். அரேகாவை வளவு ஓரத்தில் இடமிருந்தால் மட்டும் எடுங்கள்.