மேலாண்மை முனைவர் பட்டத்துக்குப் பிறகு முதல் வேலை எங்கே? சுயநிதிக் கல்லூரி, அரசுக் கல்லூரி, ஐ.ஐ.எம்.: ஓர் அலசல்

மேலாண்மையில் முனைவர் பட்டம் முடித்துப் பேராசிரியர் பணிக்கு வர விரும்பும் தமிழ்நாட்டு ஆய்வாளருக்குப் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. சுயநிதிக் கல்லூரியின் எம்.பி.ஏ. துறை ஒன்று, அரசு கலை அறிவியல் கல்லூரியின் வணிக நிர்வாகவியல் துறை இன்னொன்று, ஐ.ஐ.எம். போல ஆய்வுக்கு முதலிடம் தரும் நிறுவனம் மூன்றாவது. சம்பளம், சொந்த ஊருக்கு உள்ள தொலைவு, பணி நிரந்தரம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலோர் இவற்றை எடைபோடுகிறார்கள். இவற்றுக்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: ஆய்வேட்டின் இயல்களைக் கட்டுரைகளாக்கி அச்சேற்ற, அந்த வேலையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? கள ஆய்வில் திரட்டிய தரவு மூன்று நான்கு ஆண்டுகளில் பழையதாகிவிடும். அதற்குள் எழுதப்படாத இயல் பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகிறது.

வேலை எளிதில் கிடைப்பது சுயநிதிக் கல்லூரியில்தான். எம்.பி.ஏ. துறையில் இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று, தொழில்நுட்பக் கல்விக்கான அனைத்திந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. விதித்திருப்பதால் அங்கு ஆள் தேவை எப்போதும் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மேலாண்மைத் துறை உதவிப் பேராசிரியருக்கு முதுநிலைப் பட்டத்தில் முதல் வகுப்புடன், அந்தப் பட்டத்துக்குப் பிறகு இரண்டாண்டுத் தொழில் அனுபவமும் வேண்டும். எம்.பி.ஏ. முடித்த கையோடு முழுநேர ஆய்வில் சேர்ந்தவர்கள் இந்த நிபந்தனையை நேர்காணல் மேசையில்தான் முதன்முதலில் கேள்விப்படுகிறார்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை, ஏழாவது ஊதியக்குழுவின் அடிப்படையில் உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க ஊதியம் 57,700 ரூபாய். பல கல்லூரிகளில் கைக்கு வருவது அதைவிடக் குறைவு என்பது இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரியாக இருந்தால், மற்ற வசதிகளைப் பார்க்காமலே மறுத்துவிடலாம். 2024இல் ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது வெளிவந்து பெரும் பரபரப்பானதை நினைவில் வைத்து, நம் பெயரும் சான்றிதழும் எங்கே, எதற்குப் பயன்படுகின்றன என்பதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

நான் இந்த வழியில்தான் தொடங்கினேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளர்களின் கருத்துகளுடன், திருத்தி அனுப்பத் தொண்ணூறு நாள் அவகாசம் தந்து அது திரும்பி வந்தபோது, கல்லூரியில், தரச்சான்று வழங்கும் நாக் குழுவின் வருகைக்கான கோப்பு வேலை உச்சத்தில் இருந்தது. வாரத்துக்குப் பதினெட்டு வகுப்புகள். மாலையில் ஐந்தாண்டு வருகைப் பதிவேடுகளைச் சரிபார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைக்கும் பணி. கோடையில் சேர்க்கைக்காகப் பள்ளி பள்ளியாகப் போய் வர வேண்டிய பயணம். மூன்றாம் மதிப்பீட்டாளர் கேட்டது ஒரு கூடுதல் பகுப்பாய்வு மட்டுமே. பத்து நாள் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். அவகாசம் கடந்தது. அந்தக் கட்டுரை இன்றுவரை வெளிவரவில்லை.

ஆய்வை ஊக்குவிக்கும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஊக்கத்தொகை தருகின்றன. உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.இல் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இருப்பதே இதற்குக் காரணம். புதிதாகச் சேர்பவர் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ஐ.ஐ.எம். தேர்வுக்குழு எண்ணிக்கையைவிட ஆய்விதழின் தரத்தைப் பார்க்கிறது. ஆஸ்திரேலிய வணிகக் கல்விப் புலத்தலைவர்கள் மன்றத்தின் ஏ.பி.டி.சி. பட்டியலில் அது ஏ நட்சத்திரமா, ஏ தரமா, பி தரமா என்று கேட்கிறது. இரண்டே மாதத்தில் அச்சேறிய ஐந்து ஸ்கோபஸ் கட்டுரைகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு வாங்கித் தரலாம், ஐ.ஐ.எம். விண்ணப்பத்தில் அவற்றுக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. பல்கலைக்கழக மானியக்குழுவான யு.ஜி.சி., ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருந்த தன் கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டதால், நல்ல ஆய்விதழ் எது என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது ஆய்வாளரின் தலையில்தான் விழுகிறது.

அரசுக் கல்லூரி வேலை கிடைத்துவிட்டால் அது நல்ல வேலை. விதிப்படியான ஊதியமும் அகவிலைப்படியும் உண்டு, பணிப் பாதுகாப்பு உண்டு, 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கற்பிக்கும் நிறைவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடர்ப்பாடு காத்திருப்பில் இருக்கிறது. 2024இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது, தேர்வு தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தைக் கௌரவ விரிவுரையாளராகக் கழிப்பவர்களின் தொகுப்பூதியம் மாதம் 20,000 ரூபாயாக இருந்து பின்னர் 25,000 ஆனது. எம்.பி.ஏ. படித்தவர் வணிகவியல் துறைப் பணியிடத்துக்கு விண்ணப்பித்தால், அவர் பட்டம் வணிகவியல் பட்டத்துக்கு இணையானதுதானா என்ற இணைத்தகுதிச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஆய்வு வசதியில் மட்டும் அண்மையில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால், முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. முதற்கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு இது இல்லை.

நேரக் கணக்கைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல், ஆண்டுக்குக் குறைந்தது 30 வாரம்; ஆக 480 மணி நேரம். ஐ.ஐ.எம்.களில் ஆண்டுக்கு மூன்று நான்கு பாடங்கள், பாடத்துக்கு முப்பது மணி நேரம் என்ற அளவில், பெரும்பாலும் 90 முதல் 120 மணி நேரம்தான். நிதித்துறை ஆய்வாளருக்கு இன்றியமையாத புரோவெஸ் போன்ற நிறுவனத் தரவுத்தளமும் அங்கே மேசையிலேயே கிடைக்கும். 2011இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். இருப்பதால் இதற்காக மாநிலம் விட்டுப் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 1,01,500 ரூபாயில் தொடங்கும் முதல்நிலை உதவிப் பேராசிரியர் பதவிக்கு, பட்டத்துக்குப் பிந்தைய மூன்றாண்டு அனுபவம் வேண்டும். அதற்கு முன் ஒப்பந்த அடிப்படையிலான இரண்டாம் நிலைதான். தேர்வுக்குழு முன் ஒன்றரை மணி நேரம் சொந்த ஆய்வை எடுத்துரைத்து, ஒவ்வொரு கருதுகோளுக்கும் வரும் குறுக்குக் கேள்விகளைத் தாங்க வேண்டும். இந்தப் பயிற்சியைத் தரும் பல்கலைக்கழகத் துறைகள் நம்மிடம் குறைவு என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

ஏ தரத்தில் ஒரு கட்டுரையேனும் ஏற்கப்பட்டவர், ஒப்பந்தப் பணி என்று தயங்காமல் ஐ.ஐ.எம்.களுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பேன். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கென அவை வெளியிடும் சிறப்பு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளையும் தவறவிடக் கூடாது. இயல்கள் இன்னும் எழுதப்படாமல் இருந்தால், கௌரவ விரிவுரையாளர் பணியைவிட இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். வழங்கும் இரண்டாண்டு முதுமுனைவர் நிதிநல்கை மேல். குடும்பச் சூழலால் உடனே சம்பளம் வேண்டியவர் சுயநிதிக் கல்லூரியில் சேர்வதில் தவறே இல்லை. எந்தக் கல்லூரி என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

என் நெறியாளரிடமே ஆய்வு செய்த இளையவர் ஒருவர், கோவைப் பகுதியில் இரண்டு கல்லூரிகளிலிருந்து பணி ஆணை வந்ததும் என்னைக் கேட்டார். இரண்டிலும் கடந்த பருவத்தின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கச் சொன்னேன். "அக்கா, சேருவதற்கு முன்னாலேயே இதைக் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?" என்று தயங்கியவர், பிறகு கேட்டார். ஒரு கல்லூரி பதில் தரவில்லை. இன்னொன்று அனுப்பிய அட்டவணையில் வாரம் பதினான்கு வகுப்புகள் இருந்தன. வெள்ளிக்கிழமை முழுவதும் காலியாக இருந்தது. அந்த நாளை ஆய்வுக்கென ஒதுக்குவதைப் பணி ஆணையில் எழுதித் தரும்படி கேட்டு, எழுதி வாங்கிய பிறகே சேர்ந்தார். சம்பளம் மற்றதைவிட நாலாயிரம் ரூபாய் குறைவு.