கட்டான் பெட்டியும் அப்புச்சியின் துண்டும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வாரம் முழுக்க நூல் விலை, சாயக்கூலி என்று பேரம் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போனால் அங்கேயும் பேரம் பேசுகிற விளையாட்டுதான். சித்திரையில் கட்டான் (Catan) என்ற பலகை விளையாட்டை வாங்கினேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது பெட்டியைத் திறந்துவிடுகிறோம். நான், தம்பி, சித்தி, அப்புச்சி. பெட்டியில் போட்டிருப்பதும் அதுதான், 3 அல்லது 4 பேர். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதை வாங்காதீர்கள்.

முதல் நாள் அமுச்சி (பாட்டி) சீட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "சீட்டாட்டம் இந்த ஊட்டுக்குள்ள வேண்டாஞ் சாமி." சீட்டுகளை அவர் கையில் கொடுத்தேன். ஆடு, மரம், செங்கல், கோதுமை, கல். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். காசு கிடையாது என்று உறுதி வாங்கிக்கொண்டு காப்பி போடப் போனார்.

ஆறு மூலை உள்ள 19 அட்டைகளைச் சேர்த்தால் ஒரு தீவு. அட்டைகள் சேரும் முனைகளில் வீடு கட்ட வேண்டும். இரண்டு பகடையைக் கூட்டி வரும் எண் எந்த அட்டைமேல் இருக்கிறதோ, அதை ஒட்டி வீடு வைத்தவருக்கு அந்த விளைச்சல் சீட்டு. முதலில் 10 புள்ளி எடுத்தவர்தான் ஜெயித்தவர். அப்புச்சிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெயர்களை அவரே மாற்றிவிட்டார். கோதுமை, சோளம். சாலை, தடம். துறைமுகம், சந்தை. எதுவுமே விளையாத பாலைவன அட்டை, பொறம்போக்கு. இப்போது எங்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர்கள்தான்.

6, 8 மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டார். இரண்டு பகடையில் 36 விதமாக விழலாம். 6 விழ 5 வழி, 8 விழ 5 வழி, 2 விழ ஒரே வழி என்றேன். எண்ணுக்குக் கீழே உள்ள புள்ளிகள் அந்தக் கணக்குதான். 7 விழ 6 வழி. அதனால்தான் திருடன் என்ற காய் 7-க்கு வருகிறது. அப்போது கையில் 7 சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைப் போட வேண்டும். அப்புச்சி தாயமும் ஆடுபுலியும் ஆடி வளர்ந்தவர். தாயத்தில் கட்டை விழுவது நம் கையில் இல்லை. 3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் ஆடுபுலியில் அதிர்ஷ்டத்துக்கே வேலையில்லை. கட்டானில் அதிர்ஷ்டம், யோசனை இரண்டும் இருக்கிறது. ஆனால் இதைத் தனி ஆட்டமாக்குவது மூன்றாவது ஒன்று, வாய்ப்பேச்சு.

ஆடு, சோளம், மரம் ஒவ்வொன்றுக்கும் நான்கு அட்டை இருக்க, செங்கலுக்கும் கல்லுக்கும் மூன்று மூன்றுதான். யாருக்காவது ஏதாவது குறைந்துகொண்டே இருக்கும். வங்கியில் மாற்றினால் நான்கு கொடுத்து ஒன்று வாங்க வேண்டும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அப்புச்சி நாற்பது வருடம் மாட்டு வியாபாரம் பார்த்தவர். கண்ணபுரம் சந்தைக்குப் போகாத வருடமில்லை. கால் முட்டி போன பிறகு சந்தையும் நின்றுவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு ஒரு செங்கல் வேண்டியிருந்தது. "ஆடு தர்றேனுங்க அப்புச்சி" என்றேன். அவர் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். "கையக் குடு அம்மிணி." துண்டுக்கடியில் என் மூன்று விரலைப் பிடித்தார். மூன்று ஆடு கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. நான் ஒரு விரலை மட்டும் நீட்டினேன். இரண்டுக்குப் படிந்தது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசும் முறை இது. விதிப்புத்தகத்தில் இல்லாததுதான், ஆனால் ஆட்டம் ஆழமாகிவிட்டது. வெளிப்படையாகப் பேசினால் தம்பி குறுக்கே புகுந்து "நான் ஒண்ணுக்கே தர்றேன்" என்று கெடுத்துவிடுவான். இப்போது பண்டத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்கிறோம், எத்தனை என்பது துண்டுக்குள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அப்புச்சி முகத்தில் ஒன்றும் தெரியாது. சித்திக்குப் புருவம் ஏறிவிடும்.

அன்று ஜெயித்ததும் அப்புச்சிதான். இரண்டு ஆட்டுக்கு எந்தப் பண்டமும் ஒன்று கிடைக்கும் சந்தையை, அதாவது துறைமுகத்தை, முதலிலேயே பிடித்துக்கொண்டார். நாங்கள் மதிக்காத ஆட்டையெல்லாம் கல்லாகவும் சோளமாகவும் மாற்றி மூன்று நகரம் கட்டினார். முடிந்ததும் ஒரு காளைக்கு விலை படிந்த கதையை ஆரம்பித்தார். அம்மாவே கேட்டிராத கதை அது.

குறைகள் உண்டு. என் பெட்டியில் எல்லாமே இங்கிலீஷ். பண்டச் சீட்டுக்குப் படமே போதும், ஆனால் 25 வளர்ச்சிச் சீட்டுகளைப் படித்துத்தான் ஆடணும். படைவீரன் சீட்டு 14-ஐ விட்டுவிட்டு, மீதிக்குத் தமிழில் எழுதிச் சின்னச் சின்னத் தாளாக ஒட்டினோம். அடுத்து, தொடக்கத்தில் இரண்டு வீட்டையும் மோசமான இடத்தில் வைத்துவிட்டால் கடைசிவரை எழ முடியாது. சித்தி ஒருநாள் இரண்டு மணி நேரம் சும்மா பகடை உருட்டிக்கொண்டிருந்தார். புதிதாக ஆடுபவருக்கு முதல் வீட்டை வைக்கும்போதே கைகொடுங்கள்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திண்ணையில் சீட்டை நிற்கவிடாது, தீவும் கலைந்துவிடும். கேரம் போர்டுமேல் வைத்து ஆடுகிறோம். பலகை விளிம்பு பகடையையும் வெளியே ஓடவிடாது. பவுடரை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

கட்டானை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர், ஜெர்மனியில் பல்செட் செய்யும் தொழிலில் இருந்தவர். 1995-ல் வெளியான அதே வருடம் அந்நாட்டின் சிறந்த விளையாட்டு விருது கிடைத்தது. 2023-ல் இறந்துவிட்டார். அப்புச்சியிடம் சொன்னபோது, "பல்லுக் கட்டறவனா? அதான் அளவெல்லாம் இத்தன சுத்தமா இருக்குது" என்றார்.

விலை மூவாயிரத்தை ஒட்டி வந்தது. எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. பொங்கலுக்கு மாமன் வீட்டார் வந்தால் ஆறு பேர் ஆகிவிடுவோம். 5, 6 பேருக்கான கூடுதல் பெட்டி தனியாக விற்கிறது, அதையும் வாங்கப் போகிறேன். அப்புச்சி இப்போதே இன்னொரு துண்டு துவைத்து வைக்கச் சொல்லிவிட்டார்.