இரவில் அணைத்தும் இறங்காத நினைவகம்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

திருப்பூரில் பனியன் துணிகளுக்கு அச்சடித்துத் தரும் சிறிய பிரிண்டிங் யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். பையரிடமிருந்து வரும் டிசைனை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு அச்சு ஸ்கிரீனுக்கும் பிலிம் எடுத்துக் கொடுக்கும் வேலை முழுவதும் 2020ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய ஒரே கணினியில்தான் நடக்கிறது. வாங்கும்போது அதில் 8 ஜிபி நினைவகமும் (ரேம்) விண்டோஸ் 10 இயங்குதளமும் இருந்தன. முதல் ஆண்டு எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் ஆண்டில், காலையில் போட்டவுடன் 3 ஜிபி அளவில் நின்றுகொண்டிருந்த நினைவகப் பயன்பாடு, வாரம் செல்லச் செல்ல 5, 6 என ஏறி, மூன்றாம் வாரத்தில் நிறம் பிரித்த ஒரு செபரேஷன் கோப்பைத் திறப்பதற்கே பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டிய நிலைக்கு வந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டுக்கும் மேலாகிவிட்டது. அந்த ஓர் ஆண்டில் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, காரணம் தெரியாமலே நினைவகத்தைக் கூட்டியது. 2022இல் இன்னொரு 8 ஜிபி சேர்த்து 16 ஆக்கினேன். போட்ட அன்றே, வேறெதுவும் திறக்காத நிலையில் பயன்பாடு 3 ஜிபியிலிருந்து 4க்கும் மேலே போனதைப் பார்த்து, வாங்கிய பாகத்தில்தான் குறையோ என்று கடைக்காரரிடம் கேட்கப் போய்விட்டேன். அதில் குறை எதுவும் இல்லை. நினைவகம் நிறைய இருந்தால் விண்டோஸும் மென்பொருள்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே, காலியாகக் கிடக்கும் இடத்தில், நாம் அடிக்கடி திறக்கும் கோப்புகளையும் நிரல்களையும் இயங்குதளம் முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கிறது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த இந்த ஏற்பாடு, இன்று சிஸ்மெயின் என்ற பெயரில் பின்னணியில் ஓடுகிறது. குடோனிலிருந்து எடுத்த துணி ரோலை, நாளைக்கும் வேண்டியிருக்கும் என்று கட்டிங் மேசைக்கு அருகிலேயே நிறுத்தி வைப்பதைப் போன்றது அது. மேசைக்கு வேறு வேலை வந்தால் ரோல் உடனே நகர்ந்துவிடும். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் 'கேஷ்டு' என்று காட்டப்படுவது பெரும்பாலும் இந்த இடமே. தேவைப்படும் மென்பொருளுக்கு அது நொடியில் கிடைத்துவிடும் என்பதால் அதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு, நினைவகத்தைத் 'துப்புரவு' செய்வதாகச் சொல்லும் ஒரு சிறு மென்பொருளை நிறுவியது. பொத்தானை அழுத்தியதும் எண் கண்முன்னே இறங்கும். ஆனால் அடுத்துத் திறக்கும் எந்தச் சாளரமும் முன்பைவிடத் தாமதமாகவே வரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களை, அதாவது நினைவகத்தில் அவை வைத்திருக்கும் சிறு துண்டுகளை, அது வலுக்கட்டாயமாக நினைவகத்திலிருந்து வெளியேற்றுகிறது. அந்த நிரல்களுக்கு அதே பக்கங்கள் மறுபடி வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றாக மீண்டும் உள்ளே வர வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் அதை வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அதன் பிறகுதான் ஒரு நோட்டில் குறித்து வைக்கத் தொடங்கினேன். காலை ஒன்பது மணிக்கும் இரவு எட்டு மணிக்கும், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மொத்தப் பயன்பாடு எவ்வளவு, எந்த நிரல் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று எழுதினேன். இரண்டு வாரக் குறிப்பிலேயே, 'ஏறுகிறது' என்று நான் ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே விஷயமல்ல என்பது தெரிந்துவிட்டது.

படம் திருத்தும் மென்பொருள் காலையில் 1 ஜிபியில் தொடங்கி மாலையில் 5 ஜிபியில் நிற்கும். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் பெறுவதற்காக அது பழைய நிலைகளைச் சேர்த்து வைக்கிறது. ஒரு கோப்பை மூடினாலும், அடுத்த கோப்புக்கு உதவும் என்று, ஒருமுறை பெற்ற இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மென்பொருளையே மூடினால் அவ்வளவும் திரும்பிவிடும். இது கசிவு, அதாவது வாங்கிய இடத்தை இனி வேண்டாதபோதும் விடுவிக்காத கோளாறு, அல்ல. மதிய உணவுக்குப் போகும்போது ஒருமுறை மூடித் திறப்பது என்ற பழக்கம் இதற்குப் போதுமானதாக இருந்தது.

பிரவுசரில் இருந்தது வேறு கதை. மெர்ச்சண்டைசர்கள் அனுப்பும் செய்திகளுக்காக நாள் முழுவதும், சில சமயம் வாரக்கணக்கில், ஓர் அரட்டைப் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்போம். 300 எம்பியில் தொடங்கிய அந்த ஒரு பக்கம் பத்து நாளில் 1 ஜிபியைத் தாண்டியிருந்தது. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட், நிரலின் எந்தப் பகுதியும் இனி சுட்டிக்காட்டாத பொருள்களை (தரவுகளை) தானே கண்டறிந்து இடத்தை விடுவித்துவிடும். ஆனால் பக்கத்தின் நிரலில் எங்கோ ஒரு பட்டியல், திரையிலிருந்து மறைந்துபோன படத்தை இன்னமும் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தால், அது வேண்டிய பொருள் என்றே கருதப்பட்டு அங்கேயே தங்கிவிடும். அந்தப் பக்கத்தை மூடித் திறந்தவுடன் பழைய அளவுக்கு வந்தது. குரோமில் ஷிப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் பக்கம்வாரியான கணக்கு கிடைக்கும்; இந்த வசதியை அறிந்தவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். பிரவுசர்கள் முன்பைவிட அதிகம் எடுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றும் உண்டு. 2018இல் குரோம் 67ஆம் பதிப்பு, பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி இயக்கமாக (பிராசஸ்) பிரித்தபோது, அதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று கூகுளே தெரிவித்தது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் அடிப்படை அளவு ஏறிக்கொண்டேதான் இருந்தது. எல்லா மென்பொருள்களையும் மூடிய பிறகு, பட்டியலில் இருப்பவற்றைக் கூட்டினால் 3 ஜிபிகூட வராது. மேலே மொத்தம் 8 ஜிபிக்கும் அதிகம் என்று காட்டும். இடையில் இருக்கும் 5 ஜிபி யாருடைய கணக்கிலும் இல்லை. ஒருவேளை உதவியாளர் இரவில் கணினியை அணைக்காமல் போகிறாரோ என்று அவரிடம் கேட்டேன். "இல்லீங்ணா, தினமும் ஷட்டவுன் பண்ணிட்டுத்தானுங்ணா போறேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

துப்பு கிடைத்தது ஒரு மின்தடையில். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளில், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து, கணினி அணைக்கப்படாமலே நின்றுபோயிற்று. மறுநாள் அது புதிதாக வாங்கியதைப் போல ஓடியது. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, மாதம் ஒருமுறை விண்டோஸ் அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆன நாள்களை அடுத்தும் அதே வேகம் இருந்தது தெரிந்தது. முறையாக அணைத்தால் இறங்காதது, முறையின்றி நின்றால் ஏன் இறங்க வேண்டும்?

விடை, டாஸ்க் மேனேஜரின் பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியு பக்கத்திலேயே இருந்தது. 'அப் டைம்' என்ற இடத்தில், தினமும் இரவில் அணைக்கப்பட்ட கணினி 29 நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது நாம் திறந்த மென்பொருள்கள் மட்டுமே முழுமையாக மூடப்படுகின்றன. இயங்குதளத்தின் கருவும் (கெர்னல்), சாதனங்களை இயக்குவதற்காக அதில் ஏற்றப்பட்ட டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகின்றன. கணினி விரைவாகத் தொடங்குவதற்காகவே இந்த ஏற்பாடு. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் டிரைவர் ஒன்று நினைவகத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால், அந்தக் கடனும் இரவைத் தாண்டி மறுநாளுக்கு வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

கடன்காரர் யார் என்பதும் அதே பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரி பக்கத்தில் தெரிந்தது. 'நான்பேஜ்டு பூல்' என்ற எண் 4.9 ஜிபி என்று இருந்தது. சாதாரணமாக அது சில நூறு எம்பியில் இருக்க வேண்டியது. கருவும் டிரைவர்களும் பயன்படுத்தும் இந்தப் பகுதியை, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டுக்கு மாற்றி எழுத முடியாது. அதனால்தான் துப்புரவு மென்பொருளால் இதைத் தொடவும் முடியவில்லை, எந்த நிரலின் கணக்கிலும் இது வரவும் இல்லை. இந்தப் பகுதியிலிருந்து இடம் கேட்கும் ஒவ்வொரு டிரைவரும் நான்கு எழுத்து அடையாளம் ஒன்றை இட்டுத்தான் கேட்கும். மைக்ரோசாப்டின் பூல்மான் என்ற கருவி அந்த அடையாளங்களை அளவு வரிசையில் காட்டுகிறது. முதலிடத்தில் இருந்த அடையாளத்தை டிரைவர் கோப்புகள் இருக்கும் போல்டரில் தேடியபோது, நெட்வொர்க் கார்டின் டிரைவர் கிடைத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 170 எம்பி வீதம் அது வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 16 ஜிபியாகக் கூட்டியதால் மூச்சுமுட்டும் நாள் தள்ளிப்போனதே தவிர, வாங்குவது நிற்கவில்லை.

2023இல் அந்த டிரைவரின் புதிய பதிப்பை நிறுவினேன். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று பாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்தினேன். காலையில் கணினி எழுந்திருக்கச் சில நொடிகள் கூடுதலாக ஆகிறது. அது எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அதை நிறுத்த விரும்பாதவர்கள், ஷிப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை மட்டும் முழுமையாக அணையும். அதன்பின் நான்பேஜ்டு பூல் 350 எம்பியைத் தாண்டியதில்லை. கூட்டிய 8 ஜிபியை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன், பெரிய செபரேஷன் கோப்புகளுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதை வாங்கியது எந்த நோய்க்காகவோ, அந்த நோய்க்கு அது மருந்து அல்ல.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினியை மாற்றும் யோசனையில் இருக்கிறேன். நோட்டு மட்டும் தொடர்கிறது. சனிக்கிழமை சம்பளப் பட்டியலை அச்செடுத்த பிறகு உதவியாளர் மூன்று எண்களை அதில் எழுதுகிறார்: மொத்தப் பயன்பாடு, நான்பேஜ்டு பூல், அப் டைம். போன வாரத்துக் குறிப்பு 4.3 ஜிபி, 310 எம்பி, 11 மணி நேரம்.