பைக்கைச் சரக்காக அனுப்புவது: நாலு தடவை அனுப்பிய அனுபவம்

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. சென்னையில் கிளம்பி ஐரோப்பா, கனடா, அப்புறம் தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியா வரை போய் வந்ததில், நாலு தடவை வண்டி சரக்காகப் போனது. மும்பையின் நவா சேவா துறைமுகத்திலிருந்து துபாயின் ஜெபல் அலிக்குக் கப்பல், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து டொரொன்டோவுக்கு விமானம், பனாமாவிலிருந்து கொலம்பியாவின் பொகோட்டாவுக்கு விமானம், கடைசியில் சிலியின் வால்பரைசோவிலிருந்து சென்னைக்குக் கப்பல். டயர், செயின், ரூட் பற்றியெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். சரக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, முதல் தடவையே கை சுட்டது.

ஐரோப்பாவுக்கு ரோட்டிலேயே போகலாமே என்று கேட்பார்கள். இந்திய நம்பர் பிளேட்டோடு பாகிஸ்தானைத் தாண்டுவது நடைமுறையில் ஆகாத காரியம். திபெத் வழியாகப் போனால் சீனாவுக்குள் கைடு வைத்தே ஆகவேண்டும், அது தனியாகப் போகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் துபாய், அங்கிருந்து ஷார்ஜா ஃபெர்ரியில் ஈரான்.

முழு கண்டெய்னர் எடுக்காமல் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் கப்பலில் சிபிஎம் கணக்கு, அதாவது ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு. இது தெரிந்தும், பேக்கிங் ஆள் சொன்னபடி பைக்கை அப்படியே நிறுத்திப் பெட்டி அடிக்க விட்டேன். 230 × 95 × 145 சென்டிமீட்டர், 3.17 சிபிஎம். பாதி காற்றுக்குத்தான் காசு கட்டினேன். அதைவிடப் பெரிய அடி ஜெபல் அலியில். டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), கண்டெய்னரிலிருந்து இறக்கும் கூலி, டெர்மினல் கட்டணம், கிடங்கு வாடகை என்று வரிசையாக நீட்டினார்கள், கூட்டிப் பார்த்தால் கப்பல் கட்டணத்தைவிட அதிகம். இந்தத் தொழிலில் அது வழக்கமாம். கடல் வாடகையை அடிமாட்டு விலைக்குச் சொல்லிவிட்டு, கறக்க வேண்டியதை இறங்கும் துறைமுகத்தில் கறந்துகொள்வார்கள். எனவே கோட்டேஷன் வாங்கும்போதே அந்தப் பக்கத்துச் செலவு ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டொரொன்டோ சுலபமாக முடிந்தது. கனடாவில் வண்டியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது என்பதால் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நாள் முழுக்கப் பழைய டூத் பிரஷோடு எஞ்சின் கார்டுக்கு அடியில் படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

பனாமா வேறு கதை. வட, தென் அமெரிக்காவை இணைக்கும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை பனாமாவின் யாவிசாவில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் காடும் சதுப்பும், டேரியன் இடைவெளி என்பார்கள். பனாமாவின் கோலோன் துறைமுகத்திலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குக் கண்டெய்னரைப் பங்கு போட்டும் அனுப்பலாம், ஆனால் பங்காளி கிடைக்க வேண்டும், கப்பல் தேதியும் தள்ளிக்கொண்டே போகும். நான் விமானத்தையே எடுத்தேன். பனாமாவில் பெட்டி தேவையில்லை, பலகைமேல் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டி பிளாஸ்டிக் சுற்றிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் காலையில் போலீஸ் சோதனை. சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் தற்காலிக இறக்குமதித் தாளோடு ஒப்பிடுகிறார்கள். என் தாளில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்து. பதினேழு இலக்க சேசிஸ் நம்பரில் ஓ வரவே வராது, குழப்பம் வேண்டாமென்றே விட்டுவிட்டார்கள். இதை நான் கைஜாடையில் விளக்கியும் போலீஸ்காரர் மசியவில்லை. அந்தத் தாளைத் திருத்தி வாங்க இரண்டு நாள் போனது. எல்லையில் அடித்துக் கொடுத்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்திருக்க வேண்டும், நான் பசியில் கிளம்பிவிட்டேன்.

கடைசிப் பெட்டிக்கு வந்தபோது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலைக் கட்டையில் போல்ட் போட்டேன், விண்ட்ஷீல்டு, கண்ணாடி, சாமான் பெட்டிகள் எல்லாம் கழன்றன. ஹேண்டில்பாரைத் தளர்த்தும் முன் கிளாம்ப்பில் பெயிண்ட்டால் ஒரு கோடு, திரும்பப் பூட்டும்போது அதே கோணத்துக்கு வர. பேட்டரி நெகட்டிவ் வயருக்கு டேப். 205 × 75 × 115, அதாவது 1.77 சிபிஎம். மரத்தில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பூச்சி நீக்கப் பக்குவம் செய்த மரம் என்பதற்கு அடையாளம் அதுதான். அது இல்லாத பெட்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவிடலாம்.

கார்னே பற்றி ஒன்று. வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்கத் தாள் அது. ஈரானுக்கு அது கட்டாயம், அமெரிக்கக் கண்டத்தில் நான் போன நாடுகள் எதிலும் கேட்கவில்லை. ஆனால் ஆயுள் ஒரு வருஷம், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒன்று. வெளியேறும் முத்திரை விட்டுப்போனால் வண்டியை அங்கேயே விற்றுவிட்டான் என்று வரி கேட்டு வரும், நாம் கட்டிய ஜாமீன் பணம் மாட்டிக்கொள்ளும். வால்பரைசோவிலிருந்து வந்த கண்டெய்னர் வழியில் கப்பல் மாறக் காத்துக் கிடந்தபோது கார்னே முடிய பதினோரு நாள்தான் இருந்தது. நல்லவேளை, சிலியில் இருக்கும்போதே நீட்டிப்பு வாங்கியிருந்தேன்.

சென்னையில் பெட்டியைப் பிரித்தபோது ஒரு பட்டை தளர்ந்து கிளட்ச் லீவர் வளைந்திருந்தது, வேறு சேதம் இல்லை. பேட்டரி வயரை மாட்டி இரண்டாவது தடவை பட்டனை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆனது. டேங்கில் பெட்ரோல் இல்லை என்று நூறு மீட்டர் போனதும்தான் ஞாபகம் வந்தது, பங்க் வரை தள்ளிக்கொண்டு போனேன்.