கீறல் போயிடும்னு 6,500 ரூபாய் வாங்கிட்டு, பெயின்ட்டையே எரிச்சுட்டாங்க

கோபத்தோடதான் எழுதுறேன். கார் வாஷ், பாலிஷ், கோட்டிங் எல்லாம் ஒரே இடத்துல பண்ற கடை. கறுப்பு கலர் வண்டி, பானட்ல மெல்லிய கீறல்கள், டிரைவர் பக்க கதவுல ஒரு ஆழமான கோடு. "எல்லாம் ஒரே காம்பவுண்ட்ல போயிடும் சார்"னு சொல்லி 6,500 ரூபாய் முன்பணமா வாங்கினாங்க. காம்பவுண்ட்னா பெயின்ட் மேல்பரப்பத் தேய்ச்சு கீறல எடுக்கிற பேஸ்ட்.

நம்ப வெச்ச விதத்தக் கேளுங்க. பானட்ல ஒரு அடி இடத்துல எதையோ தடவி, மெஷின் ஓட்டி, துணியால துடைச்சு, மொபைல் டார்ச் அடிச்சுக் காட்டினாங்க. ஒரு கோடு கூட இல்ல, கண்ணாடி மாதிரி பளபளப்பு. அத பாத்தா யாரும் சாவியக் கொடுத்துடுவாங்க. தடவினது ஃபில்லர் கலந்த கிளேஸ். கீறல வெட்டி எடுக்காது, எண்ணெயும் மெழுகும் பள்ளத்த அடைச்சு மறைக்கும். ஓரிரு வாஷ்லயே எல்லாக் கோடும் திரும்பி வந்துடுச்சு.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. கதவுக் கோட்ட எடுக்கிறேன்னு, கம்பளி பேட், கரடுமுரடான ரப்பிங் காம்பவுண்ட், ரோட்டரி மெஷின், மூணையும் சேர்த்து ஒரே இடத்துல நிறுத்தி ஓட்டியிருக்காங்க. கம்பெனி பெயின்ட்ல கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, அதாவது க்ளியர் கோட், பொதுவா 35லிருந்து 50 மைக்ரான்தான். கதவோட மடிப்புக் கோட்டுலயும் விளிம்புலயும் அது இன்னும் மெல்லிசு. மெஷினோட அழுத்தமும் சூடும் முழுசா விழுறது அந்த மேட்டுலதான். அங்க மாஸ்கிங் டேப் கூட ஒட்டல. இப்ப மடிப்பு நெடுக மங்கலா ஒரு பட்டை. க்ளியர் கோட் போனா எந்த பாலிஷும் திருப்பித் தராது, பேனல் முழுக்க ரீபெயின்ட் தான். ஆழமான கோடு மட்டும் அப்படியே இருக்கு!

கேட்டா, முதல்ல "வெயில்ல நிறுத்தியிருப்பீங்க". அடுத்து "வேற ஷாம்பூ போட்டிருப்பீங்க". அப்புறம் "ஓனர் வெளியூர்ல இருக்கார்". கடைசியா "செராமிக் கோட்டிங் போட்டா மறைஞ்சிடும், பழைய கஸ்டமர்னு குறைச்சுப் பண்றோம்". 6,500 வாங்கினதுக்கு பில்லும் கையெழுத்து இல்லாத துண்டுச் சீட்டுதான்.

எந்த கீறலுக்கு எந்த காம்பவுண்ட்னு முழுசா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப பொறுமை இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன்.

கீறல்ல நகத்த குறுக்கே ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா காம்பவுண்ட் வேலைக்கு ஆகாது. ஓரளவு மழுங்கடிக்கலாம், எடுக்க முடியாது. உள்ள வெள்ளையா பிரைமர், அதாவது கலருக்கு அடியில இருக்கிற பூச்சு, தெரிஞ்சா டச்-அப் பெயின்ட், இல்ல பெயின்டர். நகம் மாட்டாம, தண்ணி தெளிச்சா மறையுற கோடுன்னா க்ளியர் கோட்டோட மேல்பரப்புலதான் இருக்கு, பாலிஷ்ல போகும்.

ஆரம்பிக்கிறது எப்பவும் மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், ஃபோம் பேட். போகலன்னா மீடியம். அதுக்கும் மசியலன்னா தான் கட்டிங் காம்பவுண்ட், அதுக்குப் பிறகு கட்டாயம் மறுபடி ஃபினிஷிங், இல்லன்னா வெயில்ல சுழல் சுழலா தெரியும். எடுத்த உடனே கட்டிங் டப்பாவத் திறக்கிறவங்க கிட்ட வண்டிய விடாதீங்க. பிளாஸ்டிக் பம்பர்ல இன்னும் கவனம், சூடு அதுல சீக்கிரம் தேங்கும்.

க்ளியர் கோட் உள்ள வண்டியில பேட்ல வண்டியோட கலர் ஒட்டினா, அந்த நொடியே மெஷின நிறுத்தச் சொல்லுங்க. அடி பெயின்ட் வந்தாச்சு.

மாதிரி இடம் காட்டினா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி கலந்து அத துடைக்கச் சொல்லுங்க. ஃபில்லர்னா கோடு உடனே வெளிய வந்துடும். துடைக்க மாட்டோம்னா சாவிய வாங்கிட்டு கிளம்புங்க, ஒரு ரூபாய் கூட முன்பணம் வேண்டாம்.