இக்னோவில் பொது நிர்வாகம் எம்.ஏ.: வேலையில் இருந்துகொண்டே படித்த அனுபவம்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நான். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பொது நிர்வாகம் எம்.ஏ. முடித்து ஒரு வருடம் ஆகிறது. ‘சேரலாமா அக்கா?’ என்று குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

குரூப் 1, யுபிஎஸ்சி இரண்டுக்குமே ஏதாவது ஒரு பட்டம் போதும், எம்.ஏ.வுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் இதையே விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு அந்த 500 மதிப்பெண் தாள்களில் உதவும். குரூப் 1-ல் விருப்பப் பாடமே இல்லை. ‘எம்.ஏ. இருந்தால்தான் தேறுவாய்’ என்று என்னிடம் சொன்ன பயிற்சி மையக்காரருக்கு அவர் கல்லாதான் கவலை.

அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்? எனக்கு அதிகாரப் பரவலாக்கம், உள்ளாட்சி பற்றிய தாள் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆறு வருடமாகக் கிராம சபைகளுக்குப் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்கும் அரசு ஆளாக, போகிறேன். தலைகளை எண்ணுவேன், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவேன், கிளம்பிவிடுவேன். ஊராட்சிகளுக்கான அரசியலமைப்பின் 73-வது திருத்தம், அவற்றுக்குக் கொடுக்கக்கூடிய பொறுப்புகளாகப் பதினோராவது அட்டவணையில் உள்ள 29 இனங்கள் எல்லாம் குரூப் 4-க்கு மனப்பாடம் செய்தவைதாம். அந்தத் தாளைப் படித்த வருடம் அக்டோபர் 2 அன்று தெருவிளக்குக் கேட்டு எழுந்த ஒரு பாட்டி, ‘போன தடவையும் இதைத்தான எழுதுன?’ என்றார். பழைய பக்கத்தைப் புரட்டினேன். அதே வாசகம், என் கையெழுத்திலேயே. பொறுப்பைக் கொடுப்பது வேறு, பணமும் ஆளும் கொடுப்பது வேறு என்று அசைன்மென்ட்டில் எட்டுப் பக்கம் எழுதியது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அரசு ஊழியர்கள் முதலில் துறை அனுமதிக்கு எழுதிப் போடுங்கள். என் கடிதம் மேலே போய்த் திரும்ப நான்கு மாதம். ஒரு சேர்க்கை போயே போய்விட்டது. பிறகு அதிகார வர்க்கம் பற்றி எழுதிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற மனிதரின் பேச்சை எங்கள் ஆட்கள் தட்டியதே இல்லை.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். இரண்டு வருடப் படிப்புக்கு நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. அசைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டே எனக்கு மூன்றாயிற்று. ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். பாடப் புத்தகங்கள் இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டும் முன் உள்ளாட்சித் தாளில் ஒரு பாடத்தை இறக்கிப் படித்துப் பாருங்கள். பத்தாவது பக்கத்தில் தூக்கம் வந்தால் கட்டணம் மிச்சம்.