புள்ளி தெரிகிறதா? மூன்று டேப்லெட்டில் பன்னிரண்டு ஆண்டு மெய்ப்பு

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். ஒற்று விட்டுப்போன இடம், ரகரமும் றகரமும் மாறிப்போன இடம், வரி முடிவில் சொல் தப்பாக உடைந்த இடம் என்று தேடித் தேடிக் குறிப்பதுதான் தொழில். 2013 வரை எல்லாம் தாளில் நடந்தது. கட்டாக வரும், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். பிறகு ஒவ்வொரு பதிப்பகமாக பிடிஎஃப்புக்கு மாறியது. கணினி முன்னால் நாள் முழுக்க உட்கார என் முதுகு ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் டேப்லெட் பக்கம் வந்தேன். இதுவரை மூன்று டேப் கையில் இருந்திருக்கிறது. மூன்றிலும் தினமும் ஐந்தாறு மணி நேரம் வேலை செய்திருக்கிறேன்.

ஐபேட் வாங்கலாமா, ஆண்ட்ராய்டு வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் பிராசஸர் பற்றிப் பேசுவதில்லை. பத்துப் பாயிண்ட் எழுத்தளவில் அச்சான தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி தயக்கமில்லாமல் தெரிகிறதா, ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். பல எழுத்துருக்களில் அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது அடியில் ஒரு சின்ன வால் மட்டும்தான். ஆங்கிலம் படிக்கப் போதுமான திரை தமிழுக்குப் போதாது என்பதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் டேப் 7 அங்குலம், ஆண்ட்ராய்டு, 1024க்கு 600 திரை. தயாரித்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்குலத்துக்கு ஏறத்தாழ 170 படப்புள்ளி. அதற்கு முன் வைத்திருந்த போனில் தமிழே பெட்டி பெட்டியாகத்தான் வரும். ஓபரா மினி உலாவியின் கான்ஃபிக் பக்கத்துக்குப் போய், எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லும் அமைப்பை மாற்றித்தான் தமிழ்த் தளங்களைப் படித்தோம். அந்த வழக்கத்திலிருந்து வந்தவளுக்கு, திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்ததே பெரிய சந்தோஷம். ஆனால் வேலைக்கு அது உதவவில்லை. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், 7 அங்குல டேபை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 3.5 அங்குலம்தான். பக்கம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விரலை இடமும் வலமும் இழுக்க வேண்டும். அந்த ஆண்டு நான் பார்த்த ஒரு நாவலில் ‘வந்தார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வந்தார’ என்றே அச்சாகி வந்தது. அது இன்றும் உறுத்துகிறது.

ஓராண்டுக்குள் அந்த டேப் தவழ ஆரம்பித்தது. காரணம் பின்னால்தான் புரிந்தது. மலிவான டேப்களில் சேமிப்புக்கு இஎம்எம்சி சில்லு இருக்கும். அழித்த கோப்புகளின் இடம் உடனே சுத்தமாகாது; சில்லு நிரம்ப நிரம்ப, புதிதாக எழுதும் ஒவ்வொரு முறையும் முதலில் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுத முடியும். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3, டேப் சும்மா கிடக்கும் நேரத்தில் தானே கூட்டிப் பெருக்கும் வேலையைச் சேர்த்தது. என் டேபுக்கு அந்தப் பதிப்பு வரவேயில்லை. தயாரித்தவர்கள் விற்றதோடு சரி. மூன்றாம் ஆண்டு முதுகு மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன்.

“அக்கா, பேட்டரி உப்பிருச்சு. இனிமே இதைச் சார்ஜ்ல போடாதீங்க. இந்த மாடலுக்கு ஒரிஜினல் வராது. வேற சைஸ் பாத்து வெக்கறவங்க இருக்காங்க, நான் வெக்கமாட்டேன்.”

அந்த நேர்மைக்காகவே இன்றுவரை அவரிடம்தான் போகிறேன்.

வன்பொருள் நன்றாக இருந்தும் இயங்குதளம் செத்ததால் வீணான டேப்களும் உண்டு. எச்பியின் டச்பேட் 2011 ஜூலையில் வெப்ஓஎஸ்ஸோடு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று, 49 நாளில், நிறுத்திவிட்டோம் என்றார்கள். 499 டாலர் டேப் 99 டாலருக்குப் போனது. திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுக்கட்டு போல அடுக்கி, வேண்டாததை மேலே தள்ளி மூடும் முறை அதற்கு முன்பே வெப்ஓஎஸ்ஸில் இருந்தது. இன்று எல்லாப் போனிலும் நாம் செய்வது அதைத்தான். பிளாக்பெர்ரியின் பிளேபுக் அதே ஆண்டு ஏப்ரலில், மின்னஞ்சலுக்கே தனிச்செயலி இல்லாமல் வந்தது. அடுத்த பிப்ரவரியில்தான் சேர்த்தார்கள். பிளாக்பெர்ரி 10 அதற்கும் வரும் என்று சொல்லிவிட்டு 2013-இல் கைவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டி விண்டோஸ் போலவே இருக்கும், ஆனால் பழைய விண்டோஸ் நிரல்கள் எதையும் அதில் நிறுவ முடியாது. 2013-இல் அதற்காக 90 கோடி டாலரை நட்டக்கணக்கில் எழுதினார்கள். டேபை வாங்குகிறவர் அதைச் செய்தவரின் பொறுமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

2018-இல் ஐபேட் வாங்கினேன். ஆறாம் தலைமுறை, 9.7 அங்குலம். விலை குறைந்த ஐபேடில் ஆப்பிள் பென்சில் என்ற மின்பேனா வேலை செய்தது அதில்தான் முதன்முறை. 2048க்கு 1536 திரை, அங்குலத்துக்கு 264 படப்புள்ளி. முதல் நாள் ஒரு கட்டுரைத் தொகுப்பைத் திறந்தேன். புள்ளி புள்ளியாகவே நின்றது. துணைக்கால் துணைக்காலாக, ரகரம் ரகரமாக. கையைத் திரையில் ஊன்றி, தாளில் எழுதுவது போலவே ஓரத்தில் திருத்தக்குறி போட முடிந்தது. உள்ளங்கை பட்டு எதுவும் கலையவில்லை. அன்று இரவு நெடுநேரம் வேலை செய்தேன், முதுகு வலிக்கவில்லை.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் வரும் அங்குலக் கணக்கு இதை மறைத்துவிடுகிறது. பிறகு நான் வாங்கிய சாம்சங் டேப் எஸ்6 லைட் 10.4 அங்குலம். கேட்டால் ஐபேடைவிடப் பெரிது. ஆனால் ஐபேட் 4க்கு 3 என்ற விகிதம், சாம்சங் 5க்கு 3. நிமிர்த்திப் பிடித்தால் ஏ4 பக்கம் ஐபேடில் 5.5 அங்குல அகலத்திலும் சாம்சங்கில் 5.35 அங்குல அகலத்திலும் வருகிறது. பெரிய திரையில் சின்னப் பக்கம்! படுக்க வைத்துப் பக்க அகலத்தைத் திரைக்குப் பொருத்தினால் ஐபேடில் ஒரு பக்கத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகத் தெரியும். இரண்டு தள்ளலில் பக்கம் முடிந்துவிடும். சாம்சங்கில் மூன்று. நானூறு பக்கப் புத்தகத்தில் இது விரலுக்குத் தெரியும். அதே சமயம் நாவல்கள் வழக்கமாக அச்சாகும் டெம்மி 1/8 அளவுப் புத்தகமென்றால் கதை மாறிவிடுகிறது. அந்தப் பக்கம் ஒல்லியானது. ஐபேடில் இரு பக்கமும் வெற்றிடம் விட்டு 5 அங்குலத்தில் நிற்கும், சாம்சங்கில் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். நாவல், கவிதை எல்லாம் சாம்சங்கில், ஆய்வேடு, பாடநூல் எல்லாம் ஐபேடில் என்று என் வீட்டில் வேலை பிரிந்ததற்கு அரை அங்குலத்துக்கும் குறைவான இந்த வேறுபாடுதான் காரணம். எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

ஐபேட் ஒருமுறை என் கை தவறி மொசைக் தரையில் விழுந்து கண்ணாடி விரிந்தது. ரிச்சி தெரு தம்பி பார்த்துவிட்டு, “பயப்படாதீங்கக்கா. இதுல டச் கிளாஸ் தனி, டிஸ்ப்ளே தனி. கிளாஸ் மட்டும் மாத்தினாப் போதும். இப்ப வர்ற ஐபேட் ஏர் மாடலா இருந்தா ரெண்டும் ஒட்டியே வரும்” என்றார். விலை குறைந்த ஐபேடில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிடைவெளி உண்டு. பென்சில் முனைக்கும் கோட்டுக்கும் மயிரிழை தூரம் தெரிவது அதனால்தான். மதிப்பீடுகளில் அதைக் குறையாகவே எழுதுவார்கள். கீழே விழுந்த அன்று அந்தக் குறைதான் என்னைக் காப்பாற்றியது.

ஐபேடின் உண்மையான பலம் எனக்கு நான்காம் ஆண்டில்தான் தெரிந்தது. ஐஓஎஸ் 11-உடன் வந்த கருவி, ஐபேட்ஓஎஸ் 17 வரை ஆறு பெரிய புதுப்பிப்புகளைப் பெற்றது. 2019-இல் ஐபேடுக்கென்று இயங்குதளத்தையே பெயர் பிரித்தபோது, சஃபாரி மேசைக்கணினித் தளங்களை அப்படியே காட்ட ஆரம்பித்தது, பென்டிரைவையும் ஏற்றுக்கொண்டது. வாங்கிய நாளில் இல்லாத வசதிகள் பழைய கருவிக்கு வீடு தேடி வந்தன. முதல் டேபோடு நான் பட்ட பாட்டுக்குப் பிறகு, இதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. மெமரி கார்டு இடமே கிடையாது. கணக்குப்பொறி செயலி 2024-இல்தான் ஐபேடுக்கு வந்தது. வாட்ஸ்அப் 2025 மே மாதம்தான் வந்தது. பதிப்பகங்கள் பாதி மெய்ப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. தமிழ் என்று பார்த்தால் இன்னொன்று. 2013-இல் ஐஓஎஸ் 7-லேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் வந்துவிட்டன. எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறன் போன்றவர்கள் உழைத்ததால், ஆப்பிள் கருவிகளில் தமிழ் எழுத்துரு எப்போதும் அழகாகவே இருந்திருக்கிறது. ஆனால் கையால் எழுதினால் தட்டச்சாக மாற்றும் ஸ்க்ரிபிள் 2020-இல் வந்தபோது அதில் தமிழ் இல்லை.

அங்கேதான் ஆண்ட்ராய்டு என்னைத் திரும்ப இழுத்தது. கூகுளின் கையெழுத்து உள்ளீடு 2015-லேயே தமிழை ஏற்றது. 2017-இல் தமிழில் பேசித் தட்டச்சும் வசதி வந்தது. பதிப்பாசிரியருக்கு விளக்கக்குறிப்பு எழுதும்போது நான் டேபிடம் பேசிவிடுகிறேன். பிழை வரும், திருத்துவேன். ஆனாலும் நேரம் பாதி. சாம்சங்கின் எஸ் பென் பெட்டியிலேயே வந்துவிடுகிறது. அது வேகாம் நிறுவனத்தின் தொழில்நுட்பம். திரையின் அடியிலிருந்து வரும் மின்காந்த அலையே பேனாவை இயக்குவதால் அதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆப்பிள் பென்சிலை அவ்வப்போது ஐபேடின் வாலில் செருகி வைக்க வேண்டும்; எஸ் பென்னை எடுத்தால் எழுதும், அவ்வளவுதான். மெமரி கார்டில் என் பத்து ஆண்டு வேலை முழுதும் இருக்கிறது.

செயலிகள்தான் ஆண்ட்ராய்டு பக்கத்தின் பழைய நோய். போனுக்குச் செய்ததை இழுத்துப் பெரிதாக்கியது போலப் பல செயலிகள் நிற்கும். 2019-இல் கூகுளே இனி டேப் செய்யப்போவதில்லை என்றது. தானே கைவிட்ட கருவிக்குச் செயலி எழுதச் சொல்லி மற்றவர்களைக் கேட்பது எப்படி? 2022-இல் பெரிய திரைக்கென்றே ஆண்ட்ராய்டு 12எல் வந்தது, 2023-இல் பிக்சல் டேபும் வந்தது. நிலைமை தேறியிருக்கிறது. ஐபேடின் தரத்துக்கு இன்னும் எட்டவில்லை. எஸ்6 லைட் ஆண்ட்ராய்டு 10-இல் வந்து 13 வரை போனது. ஐபேடின் ஆறுக்கு இது பாதி. ஆனால் சாம்சங் இப்போது எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டு தருவதாகச் சொல்கிறது. அது நடந்தால் இந்தப் பேச்சே மாறிவிடும்.

வாங்கும் முன் யாரும் சொல்லாத ஒன்று. சில குறிப்புச் செயலிகள் நாம் போட்ட திருத்தக்குறிகளைப் பக்கத்தோடு ஒட்டிப் படமாக்கிவிடும். நம் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். பக்கம் வடிவமைப்பவர் கணினியில் திறந்தால் கருத்துப் பட்டியல் காலியாக இருக்கும். அவர் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். ஒரு புத்தகத்தில் அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் ஏறாமலே அச்சுக்குப் போயின. குறிகள் தனி அடுக்காகச் சேமிக்கப்படுகின்றனவா என்று இரண்டு பக்கத்தில் குறித்து அனுப்பிப் பார்த்துவிட்டே இப்போது புதுச்செயலியில் கை வைக்கிறேன். இதில் இயங்குதள வேறுபாடு இல்லை.

2024-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18 என் ஐபேடுக்குக் கிடையாது. ஏழாம் ஆண்டைத் தாண்டிவிட்டது, திரை இன்னும் அதே திரை. வங்கி வேலையை அதில் நிறுத்திவிட்டேன், மெய்ப்பு மட்டும் ஓடுகிறது. அடுத்ததை வாங்கக் கடைக்குப் போனபோது அளவுகோலையும் ஒரு பாடநூல் பிடிஎஃப்பையும் எடுத்துப் போனேன். 2025-இல் வந்த, ஏ16 சில்லு உள்ள ஐபேடின் திரை 2360க்கு 1640. அந்த விகிதம் ஏ4 தாளுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது, பக்கம் 6.2 அங்குல அகலத்தில் திரையை நிறைத்தது. பக்கத்தில் இருந்த சாம்சங் எஸ்9 எஃப்இ 10.9 அங்குலம், அதில் 5.8-க்குள் நின்றது. பேனாவும் பெட்டியிலேயே, தண்ணீர் பட்டாலும் தாங்கும். கடைப்பையன் புதிய யுஎஸ்பி-சி பென்சிலை எடுத்து நீட்டினான். அதில் அழுத்தத்துக்கேற்ப கோடு தடிக்காது என்பதால் வேண்டாம் என்றேன். ஒரு சின்ன அடாப்டர் வாங்கினால் 2018-இல் வாங்கிய என் பழைய பென்சிலே புது ஐபேடிலும் எழுதும். அடாப்டருக்கு மட்டும் சொல்லிவிட்டு, ‘ர்’ இருக்கும் ஒரு வரியைத் திரையில் தேடினேன்.